சிமுலேட்டரில் பழக்கி பிளாண்டில் இறக்குவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தானாக முடிவெடுத்து இயங்கும் ஒரு தொழிற்சாலை அமைப்பை உருவாக்கும் வேலை உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பாய்லராக இருக்கலாம், டிஸ்டிலேஷன் கோபுரமாக இருக்கலாம், பெட்டிகளை எடுத்து அடுக்கும் ரோபோ கையாக இருக்கலாம். நிஜ இயந்திரத்தில் தப்பும் தவறுமாகப் பழகவிட முடியாது. அதனால் சிமுலேஷனில் பழக்கலாம் என்று முடிவாகியிருக்கும். தேடினால் கிடைக்கிற பாடங்கள் எல்லாம் ஒரே அச்சு: தயாராக இருக்கும் ஒரு விளையாட்டு, பத்து வரி நிரல், மேலே ஏறிக்கொண்டே போகும் ஒரு வரைகோடு.

அந்தப் பாடங்கள் விட்டுவிடுகிற இடங்களில்தான் நான் திண்டாடினேன். சிமுலேட்டர் எங்கிருந்து வரும், அது பொய் சொல்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும், பணமும் நாளும் எங்கே கரைகின்றன? இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் கீழே உள்ள முதல் நான்கு படிகளுக்கே போய்விடும். எந்த அல்காரிதம் என்ற கேள்வி ஏழாவது படியில்தான் வரும். கால அட்டவணை கொடுக்கும்போதே மேலதிகாரியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பாதி வழியில் சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

## 1. இதற்கு ஆர்எல் தேவையா என்று முதலில் தீர்மானியுங்கள்

சிமுலேஷனில் பழக்குவதென்றால் பெரும்பாலும் ரீயின்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங், சுருக்கமாக ஆர்எல். ஏஜென்ட், அதாவது முடிவெடுக்கும் நிரல், ஒரு செயலைச் செய்து பார்க்கும். விளைவுக்கு ஏற்ப மதிப்பெண் கிடைக்கும். கூடுதல் மதிப்பெண் தரும் வழியை மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு வால்வு, ஒரு சென்சார், ஒரு இலக்கு என்று இருந்தால் இது வேண்டாம். இருக்கிற பிஐடி கன்ட்ரோலரின் (அளவீடு இலக்கிலிருந்து விலகுவதைப் பார்த்து வால்வைத் திருத்தும் வழக்கமான கட்டுப்பாடு) டியூனிங்கைச் சரிசெய்தாலே பல இடங்களில் பிரச்சினை தீர்ந்துவிடும். நல்ல கணித மாடல் கையில் இருந்து, கட்டுப்பாடுகளும் தெளிவாக இருந்தால் எம்பிசி எனப்படும் முன்கணிப்புக் கட்டுப்பாடு போதும். அதை விளக்குவதும் எளிது, அனுமதி வாங்குவதும் எளிது. ஒன்றை அசைத்தால் நான்கு அசைகிற அமைப்பு, விளைவு தெரியத் தாமதமாகும் அமைப்பு, ஒவ்வொரு ஷிப்ட் ஆபரேட்டரும் தன் அனுபவத்தில் ஒவ்வொரு விதமாக ஓட்டும் அமைப்பு: இப்படிப்பட்ட இடங்களில்தான் ஆர்எல் பலன் தரும். 2022-இல் யோகோகவா, ஜேஎஸ்ஆர் ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் ஒரு ரசாயன ஆலையின் டிஸ்டிலேஷன் கோபுரத்தை ஆர்எல் வழியில் 35 நாள் தொடர்ந்து ஓட்டிக் காட்டின. அதுவரை ஆபரேட்டர்கள் கையால் வால்வைத் திருகி ஓட்டி வந்த பகுதி அது. அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தைக் கவனியுங்கள்: பிஐடியால் சமாளிக்க முடியாத இடம்.

ஆர்எல் தேவை என்று தீர்மானித்தால் ஒரே பக்கத்தில் இவற்றை எழுதி, பிளாண்ட் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஏஜென்ட் எதையெல்லாம் பார்க்கலாம், எதையெல்லாம் அசைக்கலாம், எத்தனை நொடிக்கு ஒருமுறை முடிவெடுக்க வேண்டும், எந்த எண் எவ்வளவு மாறினால் வெற்றி, எதைத் தொடவே கூடாது. கடைசி வரிதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

என் யோசனை, வால்வை நேரடியாக ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள். செட்பாயிண்டை, அதாவது எட்ட வேண்டிய இலக்கு மதிப்பை மட்டும் கொடுங்கள். கீழே பிஐடி வழக்கம்போல வால்வைப் பார்த்துக்கொள்ளும். பழக்குவது எளிதாகும், ஏஜென்ட் தடுமாறினாலும் பிளாண்ட் தடுமாறாது.

## 2. ஆவணங்களையும் டேட்டாவையும் திரட்டுங்கள்

கேட்ட அன்றே கிடைக்காத பொருள்கள் இவை. மற்ற எதையும் தொடங்கும் முன் கோரிக்கையை எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

- பி அண்ட் ஐடி வரைபடம், அதாவது குழாய்களும் கருவிகளும் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டும் படம். கடைசியாகத் திருத்திய தேதியைப் பாருங்கள். பிறகு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழாய்வழியே நேரில் நடந்து பாருங்கள். காகிதத்தில் இல்லாத பைபாஸ் வால்வு அங்கே பாதி திறந்து கிடக்கலாம்.
- கன்ட்ரோல் நரேட்டிவ். எந்த லூப் (ஒரு சென்சாரும் அதைப் பார்த்து அசையும் வால்வும் சேர்ந்த கட்டுப்பாட்டுச் சுற்று) எப்போது ஆட்டோவில், எப்போது மேனுவலில், எது எதோடு கேஸ்கேடில் (ஒன்றின் வெளியீடு இன்னொன்றின் செட்பாயிண்டாக) என்பது இதில் இருக்கும்.
- டேக் பட்டியல். ஒவ்வொரு சென்சாருக்கும் பெயர், அலகு, அளவெல்லை, எத்தனை நொடிக்கு ஒருமுறை படிக்கிறது ஆகியவை வேண்டும்.
- எல்லா லூப்களின் பிஐடி டியூனிங் மதிப்புகள்.
- அலாரம், இன்டர்லாக் (ஆபத்தான நிலையில் இயங்கவிடாமல் தடுக்கும் பூட்டு), டிரிப் (தானாக நின்றுவிடுவது) எல்லைகள், எது நடந்தால் எது நிற்கும் என்று சொல்லும் காஸ் அண்ட் எஃபெக்ட் அட்டவணையோடு.
- ஹேசாப் அறிக்கை, அதாவது எங்கே என்ன ஆபத்து வரலாம் என்று அலசிய ஆவணம்.
- பம்ப் வளைகோடுகள், வால்வு டேட்டாஷீட்கள். ரோபோ என்றால் அதன் உடலமைப்பை விவரிக்கும் யுஆர்டிஎஃப் கோப்பு, மோட்டாரின் திருப்பு விசை (டார்க்) எல்லை, தூக்கும் எடை.
- ஷிப்ட் பதிவேடும் பராமரிப்புப் பதிவேடும். டேட்டாவில் விசித்திரமாக ஒரு பள்ளம் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதில்தான் இருக்கும்.

அடுத்தது ஹிஸ்டோரியன், அதாவது பிளாண்டின் பழைய அளவீடுகள் சேரும் சேமிப்பகம். "ஐந்து வருட டேட்டா இருக்கிறது" என்று பெருமையாகக் கொடுப்பார்கள். உடனே மகிழ்ந்துவிட வேண்டாம்.

இடத்தை மிச்சப்படுத்த ஹிஸ்டோரியன் எல்லாப் புள்ளிகளையும் வைத்திருக்காது. மாற்றம் ஒரு எல்லையைத் தாண்டினால்தான் பதிவு செய்யும். நடுவில் உள்ளதைக் கேட்டால் நேர்கோடு போட்டு நிரப்பிக் கொடுக்கும். வெப்பநிலை வரைகோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சார் என்றால் சிறு அதிர்வு இருந்தே தீரும். அது இல்லாமல் ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகளாகத் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது அளவீடு இல்லை, இட்டு நிரப்பியது. அதிலிருந்து தாமதத்தைக் கணக்கிட்டால் கணக்கு தப்பும். தேவையான டேக்குகளுக்கு மட்டுமாவது கம்ப்ரஷனை நிறுத்தச் சொல்லி, புதிதாகச் சில வாரம் டேட்டா எடுங்கள். இந்தக் காத்திருப்பையும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்ணி. அந்த ஐந்து வருடமும் பிஐடி வேலை செய்துகொண்டிருந்தது. வெப்பம் குறைந்ததால் வால்வு திறந்ததா, வால்வு திறந்ததால் வெப்பம் மாறியதா என்று டேட்டாவைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அதை அப்படியே மாடலுக்குக் கொடுத்தால், வால்வைத் திறந்தால் வெப்பம் குறையும் என்று தலைகீழாகக் கற்றுக்கொள்ளவும் கூடும். இதற்கு மருந்து ஸ்டெப் டெஸ்ட். நான்காவது படியில் வருகிறது.

அலகுகளையும் சரிபாருங்கள். அழுத்தம் கேஜ் அளவா (வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் உள்ளது மட்டும்), முழு அளவா? வால்வு 0 முதல் 100 வரையா, 0 முதல் 1 வரையா? பிஎல்சி (இயந்திரங்களை ஓட்டும் தொழிற்சாலைக் கணினி) கடிகாரமும் ஹிஸ்டோரியன் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா?

டேட்டாவை ஆலை நெட்வொர்க்கை விட்டு வெளியே எடுக்க எழுத்தில் அனுமதி வேண்டும். கிளவுடில் ஏற்றலாமா கூடாதா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். வாய்மொழியாகத் தலையாட்டியவர் பிறகு நினைவில்லை என்பார்.

## 3. சிமுலேட்டரைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாகக் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஏற்கெனவே சிமுலேட்டர் இருக்கிறதா? பெரிய ஆலைகளில் பெரும்பாலும் இருக்கும். பிளாண்ட் தொடங்கிய காலத்தில் வாங்கியது எங்கோ மூலையில் தூசு படிந்து கிடக்கும். அதைத் தட்டி எழுப்புவது புதிதாகக் கட்டுவதைவிட மலிவு.

இல்லையென்றால் வேலையைப் பொறுத்துத் தேர்வு மாறும். ரோபோவுக்கு முஜோகோ, கஸீபோ, என்விடியாவின் ஐசக் சிம். முஜோகோவை டீப்மைண்ட் 2021-இல் வாங்கி 2022-இல் திறந்த மூலமாக்கிவிட்டது, இலவசம். திரவம், வெப்பம், அழுத்தம் சார்ந்த அமைப்புகளுக்கு சிமுலிங்க் அல்லது மாடலிகா மொழி. மாடலிகாவுக்கு ஓப்பன்மாடலிகா இலவசமாகக் கிடைக்கிறது. கட்டடக் குளிரூட்டலுக்கு எனர்ஜிபிளஸ். கிடங்கு, உற்பத்தி வரிசை போன்றவற்றுக்கு எனிலாஜிக். பைத்தான் தெரிந்தால் சிம்பை.

ரசாயன ஆலையில் வேலை செய்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது: டிசைன் பிரிவில் வைத்திருக்கும் மாடல் பெரும்பாலும் நிலையான நிலையை மட்டும் கணக்கிடும். எல்லாம் அடங்கிய பிறகு எண்கள் எங்கே நிற்கும் என்று சொல்லும். அங்கே எப்படிப் போய்ச் சேரும் என்று சொல்லாது. கட்டுப்பாட்டுக்கு வேண்டியது அந்தப் பாதைதான். டைனமிக் மாடலா என்று கேட்டு உறுதிசெய்யாமல் வாங்காதீர்கள்.

வேகம் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கு. நிமிடத்துக்கு ஒரு முடிவு, பழகுவதற்கு பத்து லட்சம் முடிவுகள் தேவை என்று வையுங்கள். நிஜ பிளாண்டில் அது 694 நாள். சிமுலேட்டர் ஒரு முடிவுக்கு 0.05 நொடி எடுத்தால் சுமார் 14 மணி நேரம். பதினாறு பிரதிகளை இணையாக ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதே சிமுலேட்டர் 2 நொடி எடுத்தால் ஒற்றைப் பிரதிக்கு 23 நாள். ஒரு முறை பழக்கினால் வேலை முடியாது. மதிப்பெண் முறையை மாற்றும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். மெதுவான சிமுலேட்டர் என்றால் திட்டமே நின்றுவிடும்.

பணம் கரைவதும் இங்கேதான். லைசென்ஸ் விலையை மட்டும் கேட்டால் போதாது. விற்பவரிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: ஒரு லைசென்ஸில் எத்தனை பிரதிகளை ஒரே நேரத்தில் ஓட்டலாம்? திரை இல்லாமல், லினக்ஸ் சர்வரில் ஓடுமா? பைத்தானிலிருந்து ஒவ்வொரு அடியாக நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியுமா? நடு நிலையைச் சேமித்து மீண்டும் அங்கிருந்தே தொடங்க முடியுமா? மாடலை வேறு மென்பொருளில் ஓட்ட உதவும் எஃப்எம்ஐ தரத்தில் எஃப்எம்யு கோப்பாக எடுக்கலாமா, எடுத்த கோப்பு ஓடுவதற்குத் தனி லைசென்ஸ் கேட்குமா? எங்களுக்குக் கிடைத்த ஒன்று, ஒரு கணினியில் ஒரு பிரதிக்கு மேல் ஓட மறுத்தது. விற்பனைக் கூட்டத்தில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. முன்மாதிரிக் காலத்துக்கு மட்டும் குறுகிய கால லைசென்ஸ் கேட்டுப் பாருங்கள், பலர் கொடுக்கிறார்கள்.

## 4. சிமுலேட்டர் உண்மை பேசுகிறதா என்று சோதியுங்கள்

இந்தப் படியை அவசரமாகக் கடந்தால் மற்ற எல்லாம் வீண். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

ஸ்டெப் டெஸ்ட் இப்படிப் போகும். நீராவியால் தண்ணீரைச் சூடாக்கும் ஒரு தொட்டி. ஆபரேட்டர் லூப்பை மேனுவலில் போடுகிறார். வால்வு 40 சதவீதத்தில், வெப்பநிலை 60 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. வால்வை 45-க்கு ஏற்றுகிறார். நாற்பது நொடி வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்ல ஏறத் தொடங்கி, கடைசியில் 64 டிகிரியில் நிற்கிறது. இந்த ஒரே சோதனையில் மூன்று எண்கள் கிடைத்துவிட்டன. ஒரு சதவீதத் திறப்புக்கு 0.8 டிகிரி. விளைவு தொடங்கும் வரையான டெட் டைம் 40 நொடி. ஏற வேண்டிய 4 டிகிரியில் 63 சதவீதத்தை, அதாவது சுமார் 62.5 டிகிரியைத் தொட டெட் டைமுக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆனதோ அது டைம் கான்ஸ்டன்ட்.

இப்போது கீழே இறக்கச் சொல்லுங்கள். 44.5, 44, 43.5 என்று கட்டளை போகிறது, வெப்பநிலை அசையவில்லை. 43-ஐத் தொட்டதும் வால்வு ஒரே குதியாகக் குதிக்கிறது. தண்டு ஒட்டிக்கொண்டு, அழுத்தம் சேர்ந்த பிறகு விடுபடுகிறது. இதுதான் ஸ்டிக்ஷன். டேட்டாஷீட்டில் இது இருக்காது. சிமுலேட்டரில் சேர்க்காவிட்டால், அரை சதவீதம் அரை சதவீதமாக நுணுக்கமாக வால்வைத் திருகும் ஒரு ஏஜென்ட் உங்களுக்குக் கிடைக்கும். நிஜ வால்வு அதற்கு மசியாது.

ஸ்டெப் டெஸ்ட்டுக்கும் அனுமதி வேண்டும். எந்த அளவு அசைவு, எந்த எல்லையில் நிறுத்துவது, யார் பக்கத்தில் இருப்பார் என்று எழுதிக் கொடுங்கள். உற்பத்தி குறைவான நேரத்தைக் கேளுங்கள். ஒரே நிலையில் மட்டும் செய்யாமல், குறைந்த லோடு, நடு லோடு, அதிக லோடு மூன்றிலும் செய்யுங்கள், எண்கள் மாறும்.

மாடலில் கட்டாயம் இருக்க வேண்டியவை: சென்சாரின் அதிர்வும் தாமதமும், வால்வு ஒரு நொடிக்கு எவ்வளவு நகர முடியும் என்ற எல்லை, முழுதாகத் திறந்த பிறகு மேலே போக முடியாத நிலை, ஏற்கெனவே உள்ள பிஐடி லூப்கள், இன்டர்லாக்குகள். இன்டர்லாக்கை விட்டுவிடுபவர்கள் அதிகம். பிளாண்டில் பம்ப் டிரிப் ஆகிவிடும் இடத்தில் உங்கள் சிமுலேட்டரில் அது ஓடிக்கொண்டே இருந்தால், அந்தக் கற்பனை நிலையில் கூட ஏஜென்ட் மதிப்பெண் சேர்க்கும்.

எல்லாவற்றையும் சமன்பாட்டில் அடக்க முடியாது, அடக்கவும் வேண்டாம். ஏனிமல் என்ற நாலுகால் ரோபோவைப் பழக்கியவர்கள் 2019-இல் ஒரு நல்ல வழியைக் காட்டினார்கள். உடலின் இயக்கத்துக்கு இயற்பியல் சமன்பாடுகள். கணக்கில் பிடிபடாத மூட்டு மோட்டாருக்கு மட்டும், நிஜ மோட்டாரின் டேட்டாவில் பழக்கிய ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க். தெரிந்ததை எழுதுங்கள், தெரியாததை டேட்டாவிலிருந்து கற்கவிடுங்கள்.

பிறகு ஒப்பீடு. மாடலைச் சரிசெய்யப் பயன்படுத்தாத ஒரு வார டேட்டாவை எடுத்து, அதே வால்வு அசைவுகளைச் சிமுலேட்டருக்குக் கொடுத்து, இரண்டு வரைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். அடுத்த அளவீட்டை மட்டும் சரியாகச் சொல்வது பெரிய விஷயமில்லை. "இப்போது உள்ளதே அடுத்தும்" என்று சொன்னாலே அது பாதி சரியாக வரும். சில மணி நேரம் திருத்தமே கொடுக்காமல் ஓட்டினால் விலகிப்போகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, நீண்ட நாள் அந்தப் பிளாண்டை ஓட்டிய ஒரு ஆபரேட்டரை உட்காரவைத்து, சிமுலேட்டரை அவர் கையில் கொடுங்கள். சராசரிப் பிழை எண்கள் சொல்லாததை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். "இவ்வளவு சீக்கிரம் ஆறாதே சார்" என்று ஒருவர் சொன்னால் அது ஒரு பிழை அறிக்கை. எழுதிக்கொள்ளுங்கள்.

## 5. சிமுலேட்டருக்கு ஆர்எல் உறை போடுங்கள்

இது சில நாள் வேலை. ஜிம்னேசியம் நூலகத்தின் வடிவத்தைப் பின்பற்றுங்கள். பெரும்பாலான ஆர்எல் கருவிகள் அதைப் புரிந்துகொள்ளும். இரண்டு செயற்பாடுகள்தான் முக்கியம். ரீசெட் ஒரு புதிய ஓட்டத்தைத் தொடங்கும். ஸ்டெப் ஏஜென்டின் செயலை வாங்கிக்கொண்டு புதிய நிலையையும் மதிப்பெண்ணையும் திருப்பித் தரும்.

சிமுலேட்டருக்கு எல்லாம் தெரியும்: தொட்டிக்குள் ஒவ்வொரு அடுக்கின் வெப்பம், வினையூக்கியின் வீரியம், எல்லாம். பிளாண்டில் சென்சார் உள்ளதை மட்டுமே ஏஜென்டுக்குக் காட்டுங்கள். ஆய்வகத்திலிருந்து நான்கு மணி நேரம் கழித்து வரும் தர அறிக்கை என்றால், சிமுலேட்டரிலும் நான்கு மணி நேரம் கழித்தே கொடுங்கள். டெட் டைம் உள்ள அமைப்பில் கடைசிச் சில அளவீடுகளையும் கடைசிச் சில செயல்களையும் சேர்த்தே காட்ட வேண்டும். இல்லாவிட்டால் தான் செய்தது இன்னும் விளைவு தரவில்லை என்பது அதற்குத் தெரியாது.

முடிவெடுக்கும் இடைவெளியை அமைப்பின் வேகத்தைப் பார்த்து வையுங்கள். கூகுளின் டேட்டா சென்டர் குளிரூட்டலை ஓட்டிய டீப்மைண்ட் அமைப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலவரத்தை எடுத்தது. அதே நிறுவனம் சுவிட்சர்லாந்தின் டிசிவி டோகமாக்கில் (காந்தப்புலத்தால் பிளாஸ்மாவை அடைத்துவைக்கும் அணு இணைவு ஆய்வுக் கருவி) பிளாஸ்மாவைக் கட்டுப்படுத்தியபோது நொடிக்கு 10,000 முறை முடிவெடுக்க வேண்டியிருந்தது. தேவைக்கு மேல் வேகமாக வைத்தால் பழகுவது கடினமாகும். ஒவ்வொரு செயலின் விளைவும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாகிவிடும்.

ஒரு சின்னக் கண்ணி: ஓட்டம் முடிவதற்கு ஜிம்னேசியத்தில் இரண்டு தனிக் குறிகள் உண்டு. டிரிப் ஆகி முடிந்தால் டெர்மினேட்டட். நேரம் முடிந்து நிறுத்தினால் டிரங்கேட்டட். இரண்டையும் ஒன்றாக்கினால், நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்ததையும் விபத்தாகவே ஏஜென்ட் எடுத்துக்கொள்ளும்.

பழக்கத் தொடங்கும் முன் மூன்று பேரை இதில் ஓட்டிப் பாருங்கள்: கண்டபடி செயல்படும் ஒரு நிரல், ஒன்றுமே செய்யாத ஒரு நிரல், உங்கள் பிளாண்டின் இன்றைய பிஐடி. மூன்றின் மதிப்பெண்ணையும் குறித்துவையுங்கள். ஒன்றுமே செய்யாதது பிஐடியை வென்றால் உறையிலோ மதிப்பெண்ணிலோ கோளாறு.

## 6. மதிப்பெண் முறையை எழுதுங்கள்

நீங்கள் மனதில் நினைத்ததை ஏஜென்ட் செய்யாது, எழுதியதைச் செய்யும். 2016-இல் ஓப்பன்ஏஐ காட்டிய படகுப் பந்தயம் ஊரறிந்தது. பந்தயத்தை முடிக்க வேண்டிய படகு, வழியில் இலக்குகளை இடித்தால் புள்ளி கிடைக்கும் என்று கண்டுகொண்டு, ஒரு குட்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து புள்ளி சேர்த்தது. தீப்பிடித்தும் நிறுத்தவில்லை. பந்தயம் முடியவேயில்லை, மதிப்பெண் மட்டும் மனித ஆட்டக்காரர்களைவிட அதிகம்.

தொழிற்சாலையில் இது வேறு வேடத்தில் வரும். "எரிபொருளைக் குறை" என்று மட்டும் எழுதினால் அடுப்பை அணைத்துவிடும். "செட்பாயிண்டிலிருந்து விலகாதே" என்று மட்டும் எழுதினால் வால்வை முழுதாகத் திறந்து முழுதாக மூடி, திறந்து மூடி, ஒரு மாதத்தில் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கைத் தேய்த்துவிடும். ஆகவே ஒவ்வொரு செயல் மாற்றத்துக்கும் ஒரு சிறு அபராதம் வையுங்கள். முடிந்தால் எல்லா உறுப்புகளையும் பண மதிப்பில் எழுதுங்கள்: தரம் தவறிய பொருளின் இழப்பு, எரிபொருள் செலவு, வால்வுத் தேய்மானம். எந்த உறுப்புக்கு எவ்வளவு எடை என்று கணக்குப் பிரிவோடு பேசித் தீர்க்கலாம், ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

உயிருக்கும் இயந்திரத்துக்கும் ஆபத்தான எல்லைகளை மதிப்பெண்ணில் வைக்கவே கூடாது. எவ்வளவு பெரிய அபராதம் வைத்தாலும் அது பேரம்தான். போதிய லாபம் தெரிந்தால் ஏஜென்ட் மீறும். அவற்றைச் செயல் எல்லையாகவே பூட்டிவிடுங்கள்.

மேலே சொன்ன டோகமாக் வேலையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சிமுலேட்டரை நம்ப முடியாத பகுதிகள் எவை என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே போகாதபடி மதிப்பெண்ணாலும், போனால் ஓட்டத்தையே முடித்துவிடும் நிபந்தனைகளாலும் ஏஜென்டைத் தள்ளிவைத்தார்கள். சிமுலேட்டரில் பழகியது அப்படியே நிஜக் கருவியில் ஓடியது. நான்காவது படியில் மாடல் எங்கெல்லாம் விலகியது என்று குறித்திருப்பீர்கள் இல்லையா, அந்தப் பட்டியலை இங்கே பயன்படுத்துங்கள்.

## 7. பழக்குங்கள்

புதிய அல்காரிதம் எழுத வேண்டியதில்லை. ஸ்டேபிள் பேஸ்லைன்ஸ்3 அல்லது ஆர்எல்லிப் என்ற தயார் நூலகம் போதும். சிமுலேட்டர் வேகமாக இருந்து பல பிரதிகள் ஓடினால் பிபிஓ என்ற அல்காரிதம். மெதுவாக இருந்து ஒவ்வொரு அனுபவமும் விலைமதிப்பானது என்றால், பழைய அனுபவங்களையும் திரும்பப் பயன்படுத்தும் எஸ்ஏசி. இதற்கு மேல் இந்தக் கேள்வியில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

விலையுயர்ந்த ஜிபியு வாங்க ஓடாதீர்கள். பிராசஸ் பிளாண்ட் மாடல்களில் நியூரல் நெட்வொர்க் சிறியது; நேரமெல்லாம் சிமுலேட்டரே சாப்பிடும், அதற்குக் கோர்கள் அதிகமுள்ள சாதாரண சிபியு போதும். கேமரா படம் பார்த்து முடிவெடுக்கும் ரோபோ, அல்லது ஜிபியுவிலேயே ஓடும் ஐசக் போன்ற சிமுலேட்டர் என்றால் மட்டும் கணக்கு வேறு. கிளவுட் எடுத்தால் வேலை முடிந்ததும் தானாக அணையும்படி அமையுங்கள்; வாரக் கடைசியில் சும்மா ஓடும் சர்வருக்கும் பில் வரும்.

ஒவ்வொரு ஓட்டத்திலும் சிமுலேட்டரின் எண்களைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள். டெட் டைம் ஒருமுறை 35 நொடி, இன்னொருமுறை 50. வால்வு ஸ்டிக்ஷன் கூடக் குறைய. சென்சாரில் சிறு நிரந்தரப் பிழை. டொமைன் ராண்டமைசேஷன் என்பார்கள். ஒரே ஒரு கச்சிதமான பிளாண்டில் பழகியது அந்தக் கற்பனை பிளாண்டில் மட்டுமே ஓடும். ஆனால் கலைப்பதற்கும் அளவு உண்டு. எல்லையை அகலமாக்கினால் ஏஜென்ட் எதற்கும் துணியாமல் பட்டும் படாமல் ஓட்டும். ஸ்டெப் டெஸ்ட்டுகளில் நீங்கள் பார்த்த வேறுபாட்டைவிடச் சற்றே கூடுதல் என்பது நல்ல தொடக்கம்.

ஒரே அமைப்பை வெவ்வேறு ராண்டம் சீடுகளில் (தற்செயல் எண்களின் தொடக்க மதிப்பு) ஐந்து முறையாவது பழக்குங்கள். ஒன்று மட்டும் அபாரமாக வந்து மற்றவை தள்ளாடினால் அது அதிர்ஷ்டம்.

இன்னொன்று, எல்லோரும் ஒருமுறையாவது மாட்டும் இடம்: உள்ளே போகும் எண்களைச் சீராக்க சராசரியும் பரவலும் கணக்கிடப்பட்டிருக்கும். ஸ்டேபிள் பேஸ்லைன்ஸில் வெக்நார்மலைஸ் அதைச் செய்கிறது. மாடலைச் சேமிக்கும்போது அந்த எண்களையும் தனியாகச் சேமிக்க வேண்டும். மறந்தால் நேற்று அற்புதமாக ஓடிய ஏஜென்ட் இன்று உளறும். காரணம் தேடி நாள் கணக்கில் அலைவீர்கள்.

## 8. தேர்வு வையுங்கள்

பழக்கத் தொடங்கும் முன்பே தேர்வுச் சூழ்நிலைகளை எழுதிப் பூட்டிவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு கேள்வித்தாளை மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். சாதாரண நாள், லோடு திடீரென்று பாதியாகக் குறைவது, மூலப்பொருள் தரம் மாறுவது, ஒரு சென்சார் ஒரே எண்ணில் உறைவது, ஒரு பம்ப் நிற்பது, பிளாண்ட் தொடங்கும் நேரம். ஒவ்வொன்றிலும் பிஐடியோடு ஒப்பிடுங்கள். சராசரியை மட்டும் காட்டாமல் மிக மோசமான ஓட்டத்தின் வரைகோட்டையும் காட்டுங்கள். கன்ட்ரோல் ரூம் ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

## 9. பிளாண்டில் இறக்குங்கள்

பாதுகாப்பு அமைப்பு ஏஜென்டைச் சாராமல் தனியாக நிற்க வேண்டும். பிராசஸ் ஆலைகளுக்கு ஐஇசி 61511, தொழிற்சாலை ரோபோக்களுக்கு ஐஎஸ்ஓ 10218 என்று தரங்கள் இருக்கின்றன. உங்கள் பாதுகாப்புப் பொறியாளரை முதல் வாரத்திலேயே கூப்பிடுங்கள். கடைசி வாரத்தில் கூப்பிட்டால் அவர் திட்டத்தையே நிறுத்திவிடுவார், அதில் தவறும் இல்லை. மாற்ற மேலாண்மைப் படிவம், திருத்திய ஹேசாப், ஆபரேட்டர் கையேடு ஆகியவை முடியாமல் நேரடி இணைப்புக்கு அனுமதி கிடைக்காது. இந்தக் காகிதங்களுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். பழக்கல் ஓடும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

தொழில்நுட்பப் பக்கம் எளிது. பழகிய நெட்வொர்க்கைப் பல மென்பொருள்களில் ஓடக்கூடிய ஓஎன்என்எக்ஸ் வடிவில் எடுத்து, ஆலைக்குள்ளேயே ஒரு கணினியில் ஓட்டி, ஓபிசி யுஏ என்ற தொழிற்சாலைத் தொடர்பு நெறிமுறை வழியாகப் பிஎல்சியோடு பேசவிடலாம். பிஎல்சி பக்கம் நான்கு காவல்கள் வேண்டும். ஏஜென்டிடமிருந்து குறித்த நேரத்துக்குள் உயிர்த்துடிப்பு வராவிட்டால் பழைய கட்டுப்பாட்டுக்கு மாறும் வாட்ச்டாக். செட்பாயிண்டுக்கு மேல், கீழ் எல்லை. ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு மாறலாம் என்ற எல்லை. ஆபரேட்டர் ஒரே அழுத்தில் வெளியே எடுக்கும் பொத்தான். மாறும்போது வால்வு குதிக்காமல் இருக்க, பிஐடி பின்னணியில் நடப்பு மதிப்பைப் பின்தொடர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

இறக்குவது மூன்று கட்டம். முதலில் நிழல் ஓட்டம்: ஏஜென்ட் நிஜ அளவீடுகளைப் பார்த்துத் தன் முடிவைப் பதிவு மட்டும் செய்யும். இரண்டாவது, ஆலோசனை: திரையில் எண் காட்டும், ஆபரேட்டர் ஏற்கலாம், மறுக்கலாம், மறுத்தால் ஒரு வரி காரணம் எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது, நேரடி இணைப்பு: குறுகிய எல்லைக்குள், பகல் ஷிப்டில், நீங்கள் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கும்போது. ஒவ்வொரு கட்டத்துக்கும் வாரங்கள் ஒதுக்குங்கள். நிழல் ஓட்டத்தில் ஏஜென்ட் சொல்வதும் ஆபரேட்டர் செய்வதும் எங்கெல்லாம் விலகுகின்றன என்று அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பாதி இடங்களில் சிமுலேட்டரில் இல்லாத ஏதோ ஒன்று வெளியே வரும். நான்காவது படிக்குத் திரும்புவீர்கள். அதற்கும் நாள் ஒதுக்கியிருக்க வேண்டும்.

## 10. இறக்கிய பிறகு

பிளாண்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் படிவு ஏறும், ஷட்டௌனில் சுத்தம் செய்வார்கள், வால்வை மாற்றுவார்கள், சென்சாரை நகர்த்துவார்கள். ஒவ்வொன்றும் உங்கள் சிமுலேட்டரைப் பழையதாக்கும். பராமரிப்புப் பிரிவின் வேலை முடிப்புப் படிவத்தில் "ஏஜென்ட் பொறுப்பாளருக்குத் தெரிவிக்கவும்" என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். சிமுலேட்டரின் கணிப்புக்கும் நிஜ அளவீட்டுக்கும் உள்ள இடைவெளியைத் தினமும் ஒரு வரைகோட்டில் போடுங்கள். அது தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் புதிய ஸ்டெப் டெஸ்ட்டுக்கு நாள் குறியுங்கள்.

ஒரே நிறுவனத்தின் கிளவுட் சேவையை நம்பி எல்லாவற்றையும் கட்டாதீர்கள். சிமுலேட்டரில் பழக்கித் தொழிற்சாலையில் இறக்குவதற்கென்றே இருந்த மைக்ரோசாஃப்ட்டின் புராஜெக்ட் பான்சாய் 2023-இல் மூடப்பட்டது. எந்தச் சேவையைப் பயன்படுத்தினாலும் இவை உங்கள் சர்வரில் இருக்கட்டும்: சிமுலேட்டர் மூலக் கோப்பு, அதைச் சரிசெய்த ஸ்டெப் டெஸ்ட் டேட்டா, ஜிம்னேசியம் உறை, மதிப்பெண் நிரல், சீராக்கல் எண்கள், பழகிய நெட்வொர்க், ஒவ்வொரு நூலகத்தின் பதிப்பு எண், தேர்வுச் சூழ்நிலைகளும் முடிவுகளும், கையெழுத்தான அனுமதிகளின் நகல். பழக்கலை முதலிலிருந்து திரும்ப ஓட்டும் முறையையும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். எழுதிய பிறகு, திட்டத்தில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓட்டச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே ஒரு வரி சேருங்கள்.